பழைய டிராக்டரில் இஞ்சின் சூடேறுதல்: காரணத்தைக் கண்டறியும் வகை

குறுவைச் சாகுபடிக்கென மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஜூன் மாதம் 12-ஆம் தேதியை ஒட்டித் திறந்துவிடப்படும் ஜலம் வாய்க்கால்களின் வழியே வயல்களை எட்டிய நாள்முதல், காவிரி டெல்டா ஜில்லாக்களில் உழவு வேலை எவ்வளவு நெருக்கடியாக நடைபெறும் என்பதை நிலமுடையோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குறுகிய வயதுள்ள நெல்லின் நாற்றை மூன்று வாரங்களில், தப்பினால் இருபத்தைந்து நாட்களுக்குள், பறித்து நட்டுவிட வேண்டும். நாற்று முதிர்ந்துபோனால் தூர்கட்டும் சக்தி குன்றும். மகசூலும் அதற்கேற்பக் குறையும். இத்தகைய சமயத்தில், பன்னிரண்டு ஏக்கரில் நான்கு ஏக்கர் மட்டுமே சேறாக்கப்பட்ட நிலையில், டிராக்டரானது வயலின் நடுவே ரேடியேட்டர் மூடியின் வழியாக ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிடுமாயின், அதன் சொந்தக்காரர் அடையும் கலக்கம் அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

ஒரு நாள் வேலை கெடுவதைக் காட்டிலும் பெரிய நஷ்டமும் இதில் அடங்கியிருக்கிறது. கொதிக்கும் இஞ்சினை மேலும் மேலும் ஓட்டினால் ஹெட் கோணிக்கொள்ளும், அல்லது கீறல் விடும். பிஸ்டன்கள் சிலிண்டரில் இறுகிப்போவதும் உண்டு. அப்பால் இஞ்சினை முழுதும் பிரித்தே ஆகவேண்டும். அதற்குள் நடவுப் பருவம் கடந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடிக்குக் கிழக்கேயுள்ள ஒரு கிராமத்தில் நாம் நேரில் கண்ட விஷயத்தை இங்கே குறிப்பிடுதல் பொருத்தமாகும். மூன்று சிலிண்டர்களும் 35 குதிரைத்திறனும் உள்ள ஒரு டிராக்டர். முப்பது வருஷங்களுக்கு மேல் உழைத்தது. இரும்புக் கேஜ் வீல் பூட்டிச் சேற்றில் இறக்கினால் முக்கால் மணி நேரத்தில் கொதித்துவிடும். சாலையில் நெல் மூட்டைகளுடன் டிரெய்லர் இழுத்துச் சென்றால் ஒரு தொந்தரவும் இல்லை. சொந்தக்காரர் முதலில் விசிறிப் பெல்ட்டை மாற்றினார். பிறகு ரேடியேட்டர் மூடியை மாற்றினார். ஒரு மெக்கானிக்கின் யோசனைப்படி தர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். மற்றொருவர் சொல்லியதன்மேல் ரேடியேட்டரையே புதிதாக வாங்கிப் பொருத்தினார். பணம் செலவாயிற்றேயன்றிக் கொதிப்பு நிற்கவில்லை. "கிழட்டு வண்டிங்க ஐயா, கொதிக்கத்தான் செய்யும்" என்று டிரைவர் நம்மிடம் கூறினார். டிரைவரின் இந்த வார்த்தையை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. முதுமை என்பது ஒரு காரணமாகாது. முதுமையினால் இன்ன உறுப்பில் இன்ன கோளாறு உண்டாயிற்று என்று கண்டாலன்றி அது வெறும் சமாதானமே. அந்த வண்டியின் கதையைப் பின்னர் முடிப்போம்.

உஷ்ணம் எங்கே உண்டாகி எங்கே போகிறது

இஞ்சினில் எரியும் டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை இஞ்சினைச் சுற்றியோடும் ஜலம் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விட்டுவிட வேண்டும். மணிக்கு 4 லிட்டர் டீசல் எரிக்கும் ஓர் இஞ்சினில், அந்த ஜலம் சுமந்துசெல்லும் உஷ்ணத்தை டீசலின் உஷ்ணத்தில் கால் பங்கு என்று கொண்டாலும், அது கிணற்றிலிருந்து எடுத்த நூறு லிட்டருக்கு மேற்பட்ட ஜலத்தை ஒரு மணி நேரத்தில் கொதிக்க வைக்கப் போதுமானது. ரேடியேட்டரும் இஞ்சினும் சேர்ந்து கொள்ளும் ஜலமோ ஒரு குடத்தளவே. ஆகையால் உஷ்ணம் வெளியேறும் வழியில் எங்கேனும் ஒரு தடை ஏற்பட்டால் கொதிப்பு வருவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

1917-ஆம் வருஷத்தில் வெளிவந்த போர்ட்சன் எப் மாதிரி டிராக்டரில் ஜலத்தைத் தள்ளுவதற்குப் பம்பே இல்லை. சூடான ஜலம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும் என்ற இயற்கையை நம்பியே அது ஓடிற்று. பிற்காலத்து வண்டிகளில் பம்பு, தர்மாஸ்டாட், அழுத்த மூடி ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1959-ஆம் வருஷம் முதல் மாஸ்ஸி பெர்கூஸன் 35 மாதிரியில் பொருத்தப்பட்ட பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் இஞ்சினும், 1960-இல் சென்னையில் ஸ்தாபிக்கப்பட்ட டிராக்டர் கம்பெனி அதே வழியில் செய்து விற்ற 35 குதிரைத்திறன் வண்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் உழைத்துவரும் பழைய வண்டிகளில் அநேகம் இந்த இனத்தவையே. கீழே சொல்லப்படுவது அவற்றை மனத்தில் வைத்துச் சொல்வதாயினும், ஜலத்தினால் குளிரூட்டப்படும் மற்ற இஞ்சின்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கொதிக்கும் சமயத்தில் செய்ய வேண்டியது

ஆவி கிளம்பியவுடன் டிரைவர் ஓடிச்சென்று மூடியைத் திருகுவது மிகவும் அபாயகரமான வழக்கம். மூடிக்குள் அழுத்தம் இருப்பதனால் உள்ளேயிருக்கும் ஜலம் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியானால் ஏறக்குறைய 110 டிகிரி வரை நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்கி, ஜலத்தில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகிப் பொங்கி முகத்திலும் மார்பிலும் அடிக்கும். இவ்விதம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் கையை வைத்துப் பொறுக்கும்படி ஆறிய பிறகு, கனமான சாக்குத்துணியை மூடியின்மேல் போட்டு, முதல் தட்டு வரையில் மட்டும் திருகி, சீற்றம் அடங்கியபின் எடுக்க வேண்டும்.

உழவை நிறுத்திச் சுமையை நீக்கிவிட்டு, பெல்ட் அறுபடாமலும் ஜலம் முழுதும் வெளியேறாமலும் இருந்தால், இஞ்சினை இரண்டொரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதே நல்லது. திடீரென்று நிறுத்தினால் பம்பும் நின்று, ஹெட்டில் தேங்கிய உஷ்ணம் அங்கேயே தங்கி இன்னும் கொதிக்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஜலம் வடிந்திருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். எக்காரணத்தாலும் காய்ந்த இஞ்சினில் வாய்க்கால் ஜலத்தைக் கொட்டலாகாது. சுட்ட வார்ப்பிரும்பின்மேல் குளிர்ந்த ஜலம் பட்டால் அது வெடிக்கும் என்பது கொல்லன் பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியாததன்று.

எப்பொழுது சூடேறுகிறது என்று கவனித்தல்

முதலாவது, உண்மையில் சூடேறுகிறதா என்பதையே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் உஷ்ண மீட்டர் பொய் சொல்வது சர்வசாதாரணம். முள் சிவப்பில் நிற்கும். ஜலமோ அமைதியாக இருக்கும். மீட்டரின் உணரியைக் கழற்றி, கொதிக்கும் ஜலத்தில் ஒரு நல்ல உஷ்ணமானியோடு சேர்த்து முக்கிப் பார்த்தால் விஷயம் வெளியாகும். ஸ்பரிசம் இல்லாமலே உஷ்ணத்தைக் காட்டும் கைக்கருவிகள் இக்காலத்தில் அதிக விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு கிராமத்திற்கு ஒன்று இருந்தாலும் போதும். ரேடியேட்டரின் மேற்குழாய், கீழ்க்குழாய், ஹெட்டின் முன்பக்கம், பின்பக்கம் ஆகிய இடங்களின் உஷ்ணத்தை ஒரு நிமிஷத்தில் குறித்துவிடலாம்.

மீட்டர் பொய்யில்லை என்று தெரிந்தபின், கையில் ஸ்பானர் எடுப்பதற்கு முன்பாக, எந்தச் சந்தர்ப்பத்தில் சூடேறுகிறது என்று விசாரிக்க வேண்டும். நம் அபிப்பிராயத்தில் பாதிக் காரணம் இந்த விசாரணையிலேயே அகப்பட்டுவிடும். வைத்தியர் நாடி பார்ப்பதற்கு முன் "எப்போதிலிருந்து? சாப்பிட்ட பிறகா, முன்பா?" என்று கேட்பதில்லையா?

புறப்பட்ட ஐந்து பத்து நிமிஷங்களுக்குள், சுமையே இல்லாதபோதும் கொதித்தால், ஜலம் ஓடவேயில்லை என்றோ, ஹெட் காஸ்கெட் வழியே எரிவாயு ஜலத்தில் கலக்கிறது என்றோ சந்தேகிக்க வேண்டும். தர்மாஸ்டாட் மூடிய நிலையில் இறுகியிருப்பது, பம்பு சுழலாதது, பெல்ட் அறுந்தது ஆகியவை இவ்வினம். சும்மா ஓடும்போது நிதானமாக இருந்து, பளுவான வேலையில் அரைமணி ஒருமணி கழித்துச் சூடேறினால், குளிரூட்டும் ஏற்பாடு வேலை செய்கிறது, ஆனால் போதாமல் செய்கிறது என்று பொருள். ரேடியேட்டர் அடைப்பு, நழுவும் பெல்ட், உட்புறப் படிவு ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். சாலையில் சரியாகவும் வயலில் தவறாகவும் இருந்தால், இரண்டு விஷயம் மாறியிருப்பதை நினைக்க வேண்டும்: வண்டியின் வேகத்தினால் ரேடியேட்டருக்குள் தானாகப் புகும் காற்று வயலில் இல்லை, இஞ்சினின் பளுவோ வயலில் அதிகம். இஞ்சினை நிறுத்திய பிறகு மட்டும் சிறிது பொங்கினால் அது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. நிறுத்துவதற்கு முன் சற்று மெதுவாக ஓடவிட்டால் அடங்கிவிடும்.

இதோடு கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி, தினம் எவ்வளவு ஜலம் ஊற்ற நேர்கிறது என்பதாகும். ஜலம் குறையாமலே சூடேறுவது ஒரு நோய். ஜலம் குறைவதனால் சூடேறுவது வேறு நோய். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் சாமான் மாற்றுவது பணத்தை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பாகும்.

வெளிப்புறம்

செலவில்லாத பரீக்ஷைகளை முதலில் செய்வதே முறை. கதிரடிக்கும் இடத்தில் வேலை செய்த வண்டியின் ரேடியேட்டர் முகத்தில் பதரும் வைக்கோல் தூசியும் சல்லடையில் மாவு ஒட்டியதுபோல ஒட்டியிருக்கும். சேற்றுழவில் தெறித்த சேறு காய்ந்து தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். முன்பக்கம் நின்று பார்த்தால் சுத்தமாகத் தோன்றும். விளக்கை இஞ்சின் பக்கத்தில் பிடித்து முன்னாலிருந்து பார்த்தால்தான் எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறது என்பது தெரியும். இவ்வண்டிகளில் விசிறி முன்பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே சுத்தம் செய்யும்போது பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஜலத்தையோ காற்றையோ செலுத்த வேண்டும். முன்னாலிருந்து பலமாக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறங்கி இறுகுவதோடு, மெல்லிய தகடுகளும் மடங்கிப்போகும். மோட்டார் பம்பு ஜலத்தை நேராகப் பீய்ச்சித் தகடுகளை மடக்கிவைத்த ரேடியேட்டர்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம்.

விசிறிப் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் நழுவும். தாழாமல் முறுக்காக இருந்தால் பம்பின் பேரிங் சீக்கிரம் கெடும். பெல்ட் இறுக்கமாகத் தோன்றியும் நழுவுவதுண்டு. தேய்ந்த பெல்ட் கப்பியின் அடியில் உட்கார்ந்துவிட்டால் பக்கங்களில் பிடிப்பு இராது. கப்பியின் பள்ளத்து அடிப்பாகம் கண்ணாடிபோல் பளபளப்பதே அதற்கு அடையாளம். எண்ணெய் ஊறிய பெல்ட்டும் அப்படியே. விசிறியைக் கழற்றி மறுபடி பூட்டியவர் அதைத் திருப்பிப் பூட்டியிருப்பதும் அபூர்வமன்று. அப்போது விசிறி சுழலும், ஆனால் காற்று போதிய அளவு வராது.

கீழே பம்புக்குச் செல்லும் ரப்பர் குழாயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இஞ்சின் வேகமாக ஓடும்போது பம்பு ஜலத்தை உறிஞ்சுவதால் பழகிய குழாய் பால்குடிக்கும் கன்றின் கன்னம்போல ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓடினால் மறுபடி உப்பிவிடும். நின்ற வண்டியில் இந்தக் கோளாறு தெரியாது. ஒருவர் வேகத்தைக் கூட்ட, மற்றொருவர் பக்கத்தில் நின்று, விசிறியில் துணி சிக்காதபடி எச்சரிக்கையாகப் பார்த்தால்தான் தெரியும். வெளிப்புறம் நன்றாயிருந்து உட்பூச்சு உரிந்து தொங்கும் குழாய்களும் உண்டு. விலை குறைவாதலால் சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். மூடியின் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் அழுத்தம் நிற்காமல் ஜலம் சீக்கிரம் ஆவியாகிக் குறையும். அதற்காகக் கடையில் கிடைக்கும் அதிக அழுத்த மூடியை வாங்கிப் போடுவது தவறு. பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றுத் தையல்கள் அதைத் தாங்கா. கையேட்டில் குறித்த அளவே இருக்க வேண்டும்.

தர்மாஸ்டாட்டைப் பற்றிய தப்பெண்ணம்

நம் நாடு உஷ்ண தேசமாதலால் தர்மாஸ்டாட் வேண்டாத உறுப்பு என்ற எண்ணம் டிரைவர்களிடமும், வருத்தத்துக்குரிய விதமாகச் சில மெக்கானிக்குகளிடமும் வேரூன்றியிருக்கிறது. இஞ்சின் சூடேறியதும் முதலில் பலியாவது அதுவே. உண்மையில் அது செய்யும் காரியம் இரண்டு. இஞ்சின் வேலைக்கேற்ற சூட்டை அடையும்வரை ஜலத்தை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிறது. அடைந்தபின் தேவைக்குத் தகுந்தபடி திறந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் லேசான வேலையில் இஞ்சின் தன் சூட்டை அடையாமலே ஓடும். அப்போது டீசல் செவ்வனே எரியாமல் எண்ணெயில் கலக்கும். எண்ணெயில் கசடு படியும். சிலிண்டரும் ரிங்கும் விரைவில் தேயும். சிலவகை இஞ்சின்களில் தர்மாஸ்டாட் திறக்கும்போதே பக்கவழி ஒன்றை மூடுகிறது. அத்தகைய இஞ்சினில் அதைக் கழற்றிவிட்டால் பக்கவழி திறந்தே கிடந்து, சூடான ஜலத்தில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே பம்புக்குத் திரும்பும். குளிர்விக்க வேண்டுமென்று செய்த காரியம் சூட்டை அதிகப்படுத்துவதாக முடியும்.

அது கெட்டிருக்கிறதா என்று அறிவதற்கு வீட்டுச் சமையலறையே போதும். ஒரு பாத்திரத்து ஜலத்தில் தர்மாஸ்டாட்டை அடியில் படாதபடி கம்பியில் தொங்கவிட்டு, உஷ்ணமானியையும் வைத்து மெல்லச் சூடாக்க வேண்டும். பழைய டிராக்டர்களில் உள்ளவை பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, ஜலம் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்கும் உஷ்ணம் அதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கொதிக்கும்வரை அசையாமல் இருந்தால் அதை மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதேபோன்ற வேறொன்றைப் போடவேண்டும், வெற்றிடமாக விடக்கூடாது.

ஜலத்தின் வழி

பம்பின் அடியில் சிறு துவாரம் ஒன்றுண்டு. அதில் ஜலம் சொட்டினால் உள்ளேயுள்ள சீல் கெட்டது என்று அறியலாம். அதை அடைத்து விடுவது மூடத்தனம். சொட்டாமலும் பம்பு கெட்டிருக்கக்கூடும். உள்ளே ஜலத்தைத் தள்ளும் இலைகள் துருவினால் அரிக்கப்பட்டோ, இருசில் பிடிப்பின்றிச் சுழன்றோ போகலாம். தர்மாஸ்டாட் திறந்த பிறகு மூடியைக் கழற்றிய நிலையில் மேல்தொட்டியில் ஜலம் ஓடுவது தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு பரீக்ஷை. இதை, குளிர்ந்த இஞ்சினை மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டுமேயன்றி, சூடான இஞ்சினின் மூடியைத் திறந்து பார்க்கலாகாது.

ரேடியேட்டரின் உட்புற அடைப்பை அதன் முகத்தில் உஷ்ணத்தை அளந்து கண்டுபிடிக்கலாம். நன்றாக இருக்கும் ரேடியேட்டரில் மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைந்துகொண்டு வரும். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அவ்விடத்துக் குழாய்களில் ஜலம் ஓடவில்லை. சுண்ணாம்புப் படிவு வார்ப்பிரும்பைவிட இருபது முப்பது மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிவு, ஏறக்குறைய ஓரங்குல இரும்புச் சுவரை இடையில் எழுப்பியதற்குச் சமானம் என்றால் அதன் கெடுதலை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது மன்னார்குடிப் பக்கத்து வண்டிக்கு வருவோம். பெல்ட்டும் மூடியும் ரேடியேட்டரும் புதியவை, குழாய் ஒட்டிக்கொள்ளவில்லை, மேல்தொட்டியில் ஜலம் ஓடிற்று, ரேடியேட்டரின் சூடு சீராக இருந்தது. ஹெட்டின் முன்பக்கத்து உஷ்ணம் மிதமாக இருக்கையிலேயே உள்ளே குமுறும் சப்தம் கேட்டது. பின்பக்கத்தை அளந்தால் முன்பக்கத்தைவிடச் சூடு மிக அதிகம். இஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரின் கீழ்க்குழாயைத் திறந்தோம்; ஜலம் வடிந்தது. பிறகு இஞ்சின் பிளாக்கின் பக்கத்திலுள்ள வடிகுழாயைத் திறந்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. "எப்போது கடைசியாக இதைத் திறந்தீர்கள்?" என்று சொந்தக்காரரைக் கேட்டதற்கு, "அப்படி ஒரு குழாய் இருப்பதே இன்றைக்குத்தானுங்க தெரியும்" என்றார்.

கம்பியை விட்டுக் குத்தியதும் முதலில் கறுத்த குழம்பும், பின்பு கலங்கல் ஜலமும் வந்தன. பிளாக்கின் பக்கவாட்டிலிருந்த வட்டத் தகட்டு அடைப்பைக் கழற்றிப் பார்த்தபோது, கடைசி சிலிண்டரைச் சுற்றி வண்டலும் துருவும் சேர்ந்து அடைபோல் கட்டியிருந்தது. வழித்தெடுத்ததை அளந்தால் அரைப்படிக்குக் குறையாது. பம்பு முன்பக்கத்தில் இருப்பதால் ஜலத்தின் வேகம் பின்பக்கத்தில் குறைவு. வாய்க்காலில் வளைவில் வண்டல் தங்குவதுபோல அங்கே தங்கிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை வரப்பிலேயே இருந்தது. வண்டி கொதிக்கும்போதெல்லாம் டிரைவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தால் வாய்க்காலின் செம்புனலை மொண்டு ஊற்றிவந்தார். ஒவ்வொரு குடமும் கொதிப்பை அந்நேரத்துக்குத் தணித்து, அடுத்த வருஷத்துக் கொதிப்புக்கு விதை போட்டது. சலவை சோடா கலந்த ஜலத்தை விட்டு ஓட்டி வடித்து, இருபுறமும் ஜலம் பாய்ச்சிக் கழுவி, புதிய தகட்டை அடித்துத் தர்மாஸ்டாட்டையும் திரும்பப் பொருத்தி மூன்றாம் நாள் வயலில் இறக்கினார்கள். மீதி எட்டு ஏக்கரும் முடிந்தன. ரேடியேட்டருக்குச் செலவழித்த பணம் மட்டும் திரும்பவில்லை.

ஹெட் காஸ்கெட்

ஜலம் எங்கும் ஒழுகாமல் தினந்தோறும் குறையுமானால் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் விசிறிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியின்றி ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷத்துக்கு மேற்படாமல் பார்க்க வேண்டும். பம்பு சுழலாததால் ஜலம் அசையாமல் நிற்க வேண்டும். அதில் இடைவிடாமல் குமிழிகள் கிளம்பினால், சிலிண்டரிலிருந்து வாயு ஜலத்தில் புகுகிறது. எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த காப்பி நிறம் தெரிவதும், சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் வருவதும் இதே நோயின் வேறு குறிகள். காஸ்கெட்டை மாற்றும்போது ஹெட்டின் அடிப்பாகம் நேராக இருக்கிறதா என்று பட்டறையில் பார்த்த பின்பே பூட்ட வேண்டும். அதைச் செய்யாமல் புதிய காஸ்கெட் போட்டவர் ஒரு மாதத்தில் மறுபடி பிரிக்க நேரும்.

குளிரூட்டும் ஏற்பாட்டில் குற்றமில்லாதபோது

மேற்சொன்னவை யாவும் சரியாயிருந்தும் கொதித்தால், இஞ்சின் தான் சிந்தவேண்டியதைவிட அதிக உஷ்ணத்தை உண்டாக்குகிறது என்று கொள்ளவேண்டும். கரும்புகை தள்ளிக்கொண்டு உழும் வண்டி பளுவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது, அல்லது டீசல் அதிகமாகப் பாய்கிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. பம்பின் டைமிங் பின்தங்கியிருந்தாலும் எரிதல் தாமதித்துச் சூடு கூடும். பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது, எண்ணெய் குறைந்திருப்பது ஆகியவற்றையும் மறக்கலாகாது. 35 குதிரைத்திறன் வண்டியில் அதற்குப் பெரிய ரோட்டவேட்டரைப் பூட்டி, ஆழ்ந்த சேற்றில் மேல் கியரில் ஓட்டுபவர்கள் ரேடியேட்டரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்த்தால் கொதிப்பு நிற்கிறதா என்பது ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ஊற்றும் ஜலத்தைப் பற்றி

கடற்கரையை அடுத்த தாலுகாக்களில் ஆழ்துளைக் கிணற்று ஜலம் உப்பாயிருப்பதால் அது அரிப்பை உண்டாக்கும். வேறிடங்களில் கடின ஜலம் சுண்ணாம்பைப் படிய வைக்கும். மழைஜலத்தைச் சேமித்து வடிகட்டி ஊற்றுவது செலவில்லாத நல்ல வழி. கடைகளில் விற்கும் கூலண்ட் திரவத்தைக் கையேட்டில் சொல்லிய விகிதத்தில் சேர்த்தால் துருவும் அரிப்பும் குறையும். முன்பே கலந்து விற்பதை மேலும் கலக்க வேண்டியதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் வண்டிகளும், வாடகைக்கு விடும் வண்டிகளும் பல கைகளில் மாறுவதால், ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஜலம் ஊற்றப்பட்டது, எங்கே மொண்டது என்று ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்கும்படி டிரைவர்களை ஏவுவது அந்தந்தக் கிராமத்து உத்தியோகஸ்தர்களால் எளிதில் ஆகக்கூடியது. வருஷத்துக்கு ஒருமுறை, ஆடியில் வேலை ஓய்ந்த ஒரு நாளிலோ கோடையிலோ, ரேடியேட்டர் குழாயையும் பிளாக்கின் வடிகுழாயையும் சேர்த்துத் திறந்து வடித்த தேதியையும் அதே நோட்டில் குறிக்கலாம். வடித்த கூலண்டை வரப்பிலோ தொழுவத்தின் அருகிலோ கொட்டலாகாது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருக்கிறது. தித்திப்பாக இருப்பதால் மாடும் நாயும் விரும்பிக் குடிக்கும். ஒரு தகர டின்னில் பிடித்து மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பிறகு பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.